ரசாக் பாயின் பெரிய மெஷின்

“அடிக்கறேனுங்க.”

கீழே கார் ஷெட்டிலிருந்து இந்தக் குரல் வந்ததும் மாடியில் நாங்கள் மிக்ஸியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் அதுவே நின்றுவிடும். விளக்கு மங்கும், மின்விசிறி முனகும், டிவியில் பேசுகிறவர் பாதி வார்த்தையில் காணாமல் போவார். கொஞ்ச நேரம் கழித்து, “முடிஞ்சுதுங்க சார், போட்டுக்கலாமுங்க” என்று உத்தரவு வரும். இவ்வளவு மரியாதையாக உயிரை வாங்குகிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ரசாக் பாய் எங்கள் கணபதி ஏரியாவில், இந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்து, இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டும். எங்கள் பால்கனியில் ஒரு குண்டு பல்பைப் பகலிலும் எரியவிடச் சொல்வார். அது பளிச்சென்று எரிந்தால் வோல்டேஜ் நன்றாக இருக்கிறதென்று அர்த்தமாம். கரண்ட் பில் மட்டும் எங்களுக்கு.

மூடிப்போன ஒரு பம்பு ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவர் எடுத்துவந்த வெல்டிங் மெஷின்தான் இத்தனைக்கும் காரணம். நகர்த்த நாலு பேர் வேண்டும். தொழிற்சாலையின் த்ரீ பேஸ் மின்சாரத்துக்காகச் செய்ததை, உள் இணைப்பை மாற்றி வீட்டு லைனில் ஓட்டுகிறார். டீ கிளாசில் யானைக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை. பாதி நேரம் மின்சாரம் போதாமல் வெல்டிங் ராடு உருகாமலே இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கிவிட்டு மறுபடியும் “அடிக்கறேனுங்க.” வீட்டு மின்சாரத்துக்கென்றே கையில் தூக்கிப்போகிற சின்ன மெஷின் வந்திருக்கிறதே என்று தெருவே சொல்லி அலுத்துவிட்டது.

“அதுல தீ உள்ளார எறங்காதுங்க சார். கேட்டு கையோட வந்துபோடுமுங்க.”

வீட்டு ஓனர் சத்தியமங்கலத்தில் இருக்கிறார். போன் செய்தால், “பாய் நல்ல மனுசனுங்க, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க” என்கிறார். நல்ல மனிதர்தான். அதனால்தான் ஒரு சண்டைகூட உருப்படியாகப் போட முடியவில்லை.

என் மனைவி கிருபாவதி வீட்டில் கேக் செய்து விற்கிறாள். அவள் ஓவனும் பாயின் மெஷினும் ஒன்றாக ஓடினால் கம்பத்துப் பெட்டியில் ப்யூஸ் போய்விடும். போன மாதம் அப்படித்தான் ஒரு பிறந்தநாள் கேக் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது. பாய் மேலே வந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு துண்டை எடுத்துத் தின்று, “ருசிக்கு ஒண்ணும் கொறையில்லீங்க அக்கா” என்றார். அவரைப் படியில் உருட்டிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

இந்தச் சனிக்கிழமை வந்தது பெரிய ஆர்டர். மறுநாள் எங்கள் கோவிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. கேக் சரியாக வந்தால் கிறிஸ்துமஸ் ஆர்டரும் இவளுக்கே என்று பங்குச்சாமியார் சொல்லியிருந்தார். குழிந்தால் அதோடு சரி. சின்ன ஓவன் என்பதால் கேக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொழுது சாயும்வரை வேகவேண்டும். கீழேயோ, துடியலூர் அரங்கசாமியின் புது வீட்டுக் கேட், கீல் வைக்காமல் கிடந்தது. விடிந்தால் கிரகப்பிரவேசம். அவர் வண்டியோடு வந்து நின்றார்.

கிருபாவதி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பாய், கேக்கு உள்ள இருக்கு. சாயங்காலம் வரைக்கும் அடிக்காதீங்க.”

“செரிங்க அக்கா.”

“அப்ப கேட்டை வண்டியில ஏத்திபோடுங்க பாய்,” என்றார் அரங்கசாமி. “வேற பட்டறையில ஒட்டிக்கறேனுங்க.”

பாய் கேட்டைப் பார்த்தார், எங்கள் பல்பைப் பார்த்தார். “ஒரே ஒரு பொட்டு வெச்சுக்கட்டுங்களா அக்கா?”

பொட்டு என்றால் ஒரு சொட்டு வெல்டிங். அவருடைய ஒரு பொட்டு என்றைக்கும் ஒன்றோடு நின்றதில்லை. “தொட்டீங்கன்னா நான் கீழ வந்துருவேன் பாய்,” என்று கத்தினேன்.

பல்பு மங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெஷின் லைனின் பீங்கான் ப்யூஸைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பாய் வாசலில் நின்றார்.

“கேக்கு பூராம் வெந்தப்பறம் குடுங்க சார். கீழ இருந்தா என்ற கை சும்மா இருக்காதுங்க. நானே வந்து கேட்டாலும் குடுத்துபோடாதீங்க.”

கீழே வண்டியில் கேட்டை ஏற்றும் சத்தம் கேட்டது. பாய் திரும்பிப் பார்க்கவில்லை. ப்யூஸை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தானே மடக்கி மூடினார்.