சந்தனம் பூசிய நம்பர்

தினமும் காலையில் பஸ்ஸில் ஏறியதும் நான் செய்கிற முதல் வேலை, டிரைவரிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்பது. டீ ஆச்சா, மழை வருமா, எதுவாக இருந்தாலும் சரி. அவர் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நின்று மூச்சை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். வைட்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா வேலை எனக்கு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவள் இப்போது தினம் இரண்டு தடவை பள்ளிக்கூடம் போகிறாள் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். எங்கள் டிரைவர் தேங்காய் எண்ணெய் வாசனையைத் தவிர வேறு எதுவும் அடிக்காத மனிதர். நான் மோப்பம் பிடிப்பது அவருக்கும் தெரியும். ஒருநாள் நான் கேட்பதற்கு முன்பே முகத்துக்கு நேராக வந்து, "இட்லி, தேங்கா சட்னி" என்று ஊதிவிட்டுப் போய் சீட்டில் உட்கார்ந்தார்.

பயப்படுவது எனக்குப் புதிதில்லை. கேஸ் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா, அம்மா இன்னும் ஏன் வரவில்லை என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஏதாவது ஒன்று வயிற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற பயங்கள் எப்போது வந்தன என்று தெரியாது. இந்த ஒரு பயம் மட்டும் எந்த நாளில், எந்த ரோட்டில் வந்து ஒட்டிக்கொண்டது என்று என்னால் சொல்ல முடியும்.

அது ஆயுத பூஜை நாள். எனக்கு ஒன்பது வயது. நீலசந்திராவில் ஒரே வீட்டின் கீழ்ப்பகுதியில் அம்மாவும் நானும், மாடியில் சித்தியும் சித்தப்பாவும் இருந்தோம். சித்தி அம்மாவின் தங்கை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே போய்வர ஒரு ஸ்கூட்டி வைத்திருந்தாள். சித்தப்பா, குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டினார். பழைய வண்டியை வாங்கிக்கொண்டு முதலாளி வேறு ஒன்றைக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

காலையில் ஈஜிபுராவில் இருந்த வண்டி ஸ்டாண்டுக்குச் சித்தி பூஜைக்காகப் போனபோது நானும் வருகிறேன் என்று அழுதேன். பூசணிக்காய் உடைக்கிற இடம், வழுக்கும், கூட்டம் என்று அம்மா விடவில்லை. பத்து மணிக்குச் சித்தி திரும்பி வந்தாள். சித்தப்பா மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. சித்தி இரண்டு தடவை போன் செய்தாள். பிறகு வடையை மூடி வைத்துவிட்டு, ஸ்டாண்டு ஆட்களோடு உட்கார்ந்திருப்பார் என்று அம்மாவிடம் சொன்னாள். உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எனக்கும் தெரியும்.

மூன்று மணிக்கு, ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்கக் கிளம்பிய சித்தி, காலையில் அழுததற்கு ஈடாக என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். பொரிப் பையை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்து, நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தி வண்டி ஓட்டினால் வாய் சும்மா இருக்காது. ஆட்டோவைக் கன்னடத்தில் திட்டுவாள், பஸ்ஸைத் தமிழில் திட்டுவாள், கார்க்காரர்களுக்கு உருது. அன்றைக்கும் ஆஸ்டின் டவுன் தாண்டும்வரை அப்படித்தான் வந்தாள். தெரு முனைகளில் எல்லாம் குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து நான் "சித்தி, பூசணி" என்று கத்த, அவள் "நான் ஒண்ணும் குருடி இல்லடி" என்று வளைத்து வளைத்துப் போனாள்.

டிரினிட்டி சர்க்கிளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த வண்டியைப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில் ஒரு குட்டி யானை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பின்னால் சாமந்தி மாலை. அன்றைக்கு ஊரில் இருந்த எல்லா வண்டிகளும் அப்படித்தான் இருந்தன. ஆனால் இது ரோட்டின் இடது ஓரத்துக்கும் நடு டிவைடருக்கும் இடையே ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. டிவைடரை உரசியபோது ஒரு பக்கத்து வாழைக்கன்று முறிந்து தொங்கியது. பின்னால் சரக்கு வைக்கிற இடத்தில் நாலு பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூஜை முடிந்ததும் ஸ்டாண்டுப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி ஒரு ரவுண்டு சுற்றிக் காட்டுவது வழக்கம். வண்டி ஆடும்போதெல்லாம் அவர்கள் ஓவென்று சந்தோஷமாகக் கத்தினார்கள். "சித்தி, அந்த ஆளு குடிச்சிருக்கான்" என்றேன்.

சித்தி யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

முந்திப் போய்விடலாம் சித்தி என்றேன். வேண்டாம், திரும்பி வீட்டுக்குப் போகலாம் என்றேன். அந்தப் பிள்ளைகள் விழுந்தால் என்ன செய்வது என்றேன். விழுகிற பிள்ளையின் மேல் நாமே ஏற்றிவிட்டால் நம்மைப் பிடித்துக்கொண்டு போவார்களே என்றும் கேட்டேன். நான் எதைக் கேட்டாலும் அவள் அதே தூரத்தில், நடுவில் இரண்டு பஸ் நிற்கிற அளவு இடம் விட்டு, பின்னாலேயே போனாள்.

சிக்னலில் அந்த வண்டி நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவே நாலைந்து கார்கள். சித்தி ஓரமாக நிறுத்தி, போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். யாருக்கு என்று கேட்டேன். "தெரிஞ்சவங்களுக்கு" என்றாள். பிறகு ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி அந்த வண்டியை நோக்கி நாலு அடி வேகமாக நடந்தாள். அதற்குள் பச்சை விழுந்தது. வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அந்தக் குதியில் ஒரு பிள்ளை தடுமாறி உட்கார, மற்ற மூன்றும் சிரித்தன. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு பின்னால் பாய்ந்தாள். அவள் கையிலிருந்த பை சக்கரத்தில் போயிற்று. இன்னும் ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் பை மட்டும் போயிருக்காது.

சித்தி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்த பிறகுதான் வந்து ஏறினாள்.

அல்சூர் ஏரிக்கரை ரோட்டில் அந்த வண்டி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டுமானால் நம்பர் வேண்டுமே என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். நம்பர் பிளேட்டில் பட்டையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதற்கும் மேல் மாலை தொங்கியது. கே.ஏ. என்ற எழுத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சித்தி ஏரிச் சுவர் ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்தினாள். போலீஸ் நம்பர் நூறுக்குப் போன் செய்தாள்.

கன்னடத்தில்தான் பேசினாள். "குடிது காடி ஓடிஸ்தா இத்தானெ, சார்" என்றாள், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறான் என்று. வெள்ளை வண்டி என்றும், வாழை கட்டியிருக்கிறது என்றும், ஏரிக்கரையிலிருந்து காக்ஸ் டவுன் பக்கம் போகிறது என்றும், பின்னால் நாலு குழந்தைகள் நிற்கிறார்கள் என்றும் சொன்னாள். குழந்தைகள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அவர்கள் நம்பர் கேட்டிருக்க வேண்டும். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். பேர் கேட்டதற்கு, ரோட்டில் போகிறவள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் அசந்துபோனேன். அந்தச் சந்தனத்துக்குள் இருந்ததை எப்படிப் படித்தாள்? சித்திக்கு இருக்கிற கண் ஊரில் யாருக்கும் இல்லை என்று நினைத்தேன்.

காக்ஸ் டவுனுக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டியை மடக்கியிருந்தார்கள். முன்சக்கரம் நடைபாதைமேல் ஏறியிருந்தது. இரண்டு போலீஸ்காரர்களின் முதுகு தெரிந்தது, டிரைவர் தெரியவில்லை. நாலு பிள்ளைகளும் ஒரு சுவர் ஓரமாக நின்றார்கள். ஒன்று அழுதுகொண்டிருந்தது, ஒன்று பொரி தின்றுகொண்டிருந்தது. சித்தி தூரத்திலேயே பிரேக் பிடித்து, துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, விரலை நீட்டி அவர்களை எண்ணினாள். "நாலு. நாலும் நிக்கிது" என்றாள். உடனே பக்கத்துச் சந்துக்குள் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

"சித்தி, நாம புடிச்சிக் குடுத்துட்டோம் இல்ல?" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

"ம், குடுத்துட்டோம்." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "வூட்ல சொல்லாத, கண்ணு. உங்கம்மாகிட்டகூட. போலீஸ் விசயம்."

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு அம்மா பொரியை வாங்கிக்கொண்டு, ஏன் கண் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார். தூசி என்றாள் சித்தி. நானும் தூசிதான் என்று சாட்சி சொன்னேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சித்தப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். நடை நேராக இல்லை. நெற்றிக் குங்குமம் முகத்தில் வழிந்திருந்தது. வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது, லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், முதலாளி இனி வராதே என்று சொல்லிவிட்டார் என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரே நாளில், ஒரே ஊரில், இரண்டு வண்டிகள்! இப்படிப் போனால் இந்த ஊரில் ரோட்டைக் கடப்பது எப்படி என்று கவலை வந்துவிட்டது. நாங்கள் பிடித்துக் கொடுத்த வண்டியைப் பற்றிச் சொல்ல வாய் துடித்தது. சித்தியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கீழே எங்கள் அறையில்தான் சித்தி அவருக்குச் சாப்பாடு போட்டாள். அவர் என் அம்மாவிடம்தான் முறையிட்டார்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்கா. போலீஸ்காரன் நம்பரை முழுசா எழுதி வச்சிக்கினு நிக்கிறான். என் வண்டில ஒரு நம்பர் வெளிய தெரியாது. சந்தனம், குங்குமம், அதுமேல மாலை. வந்து ரெண்டு நாள் ஆன வண்டி. அது எவனுக்குத் தெரியும்?"

ஸ்டாண்டில் யாராவது பொறாமை பிடித்தவன் சொல்லியிருப்பான் என்றாள் அம்மா.

"ஸ்டாண்டுல இருந்தவன் எல்லாம் என்கூடதான் குடிச்சிக்கினு இருந்தான். அவனுங்களுக்கு அவனுங்க நம்பரே ஞாபகம் இல்ல."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உதவி செய்ய நினைத்தேன். ஸ்டாண்டில் பூசாரி ஒருவர் வந்து எல்லா வண்டிகளுக்கும் சந்தனம் பூசுவார் என்பது என் எண்ணம். அந்தப் பூசாரிதான் காட்டிக் கொடுத்தவர் என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன்.

"சந்தனம் பூசினவங்களுக்குத் தெரியும் இல்ல, சித்தப்பா?"

சித்தி ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். சித்தப்பா தலையைத் தூக்கி முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கரண்டியைப் பார்த்தார், கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நகக் கண்களில் காலையில் பூசிய சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது. அம்மா அவசரமாக, "போய் கேஸ் மூடிருக்கான்னு பாத்துட்டு வா" என்று என்னை எழுப்பினாள். வழக்கமாக நான் கேஸைப் பார்க்கப் போனால் திட்டுகிறவள். நான் போய் மூன்று தடவை திருகிப் பார்த்துவிட்டு வந்தேன்.

வந்தபோதும் அவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். சித்தப்பாவுக்குப் போதை எல்லாம் எங்கேயோ போயிருந்தது. தட்டை முன்னால் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். சித்தி ஊற்றினாள். தட்டைத் தாண்டி ரசம் தரையில் கொட்டியது. அவர் எதுவும் சொல்லாமல் அதைத் தன் துண்டால் துடைத்தார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவர் வேறொருவர் வண்டியில் மூட்டை தூக்கினார். யார் காட்டிக் கொடுத்தது என்று எங்கள் காதுபடக் கேட்டதே இல்லை. குடிப்பதையும் விடவில்லை. ஆனால் லைசென்ஸ் திரும்ப வந்த பிறகு, அடுத்த ஆயுத பூஜை அன்று, பூஜை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து, சாவியைச் சித்தியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஸ்டாண்டுக்கு நடந்து போனார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அதுவும் பூஜையில் ஒரு சடங்கு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் எங்களை உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவனைப் பார்த்தால் முந்தாதீர்கள், பக்கத்தில் போய்ச் சண்டை போடாதீர்கள், தள்ளியே போங்கள், ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள், நிறமும் திசையும் நம்பரும் சொல்லுங்கள் என்றார்கள். போன் எடுக்காத ஒரு மனிதரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததையும், சிக்னலில் இறங்கி நாலு அடி நடந்ததையும் தவிர, சித்தி எல்லாவற்றையும் அந்த வகுப்பில் சொன்னபடிதான் செய்திருந்தாள். ஓட்டுகிறவர் நம் வீட்டு ஆள் என்றால் என்ன செய்வது என்று கை தூக்கிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்த மாதமே எங்கள் பஸ்ஸுக்குப் பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். பிளேட்டின் முன்னால் குத்துக்காலிட்டு, மேடான ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலால் தடவிக்கொண்டு போனேன். பூசி முடித்தபோது எல்லாம் மறைந்துவிட்டது. ஆனால் விரலுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், முழுதாக வந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நம்பரைச் சொல்லும்போது சித்தி முன்னால் போன வண்டியைப் பார்க்கவே இல்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பின் சீட்டில் பொரிப் பையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தண்ணீரில் என்ன தெரிகிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.