இறகிலும் நைதரசன் உண்டு

கோழித்தீனில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று பார்க்கிற பரிசோதனை உண்மையில் புரதத்தைப் பார்ப்பதில்லை. மாதிரியை அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைதரசனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கி, வருவதைப் புரதம் என்று எழுதிக்கொள்வோம். மீனின் நைதரசனும் இறகின் நைதரசனும் அந்தக் குடுவைக்குள் ஒன்றுதான். கோழியின் குடலுக்குள் போனால் வேறு. நான் கால்நடைத் தீன் ஆலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

என் தங்கை கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். துறைமுகத்தில் வேலை பார்த்த கத்தோலிக்கர் ஒருவரை விரும்பிக் கட்டி, எங்கள் வெள்ளவத்தை வீட்டை விட்டுப் போனவள். பிறகு எல்லாரும் சமாதானமாகிவிட்டோம். ஹெந்தளைப் பக்கம் குடும்பக் காணியில் அவள் கணவர் இறைச்சிக்கோழிக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார். அவர் இறந்தபின் அவளே பஸ்ஸில் போய்வந்து அதை நடத்தினாள். ஆனால் காணி கணவரின் தமையன் பெயரில் இருந்தது. கொள்கலன் லொறிகளை நிறுத்த அந்தக் காணியைக் கேட்டு அவரிடம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"இந்த நத்தார்க் கோழி சரியாக வந்தால் கொட்டகை உன்னோடையே இருக்கட்டும். சரிவராட்டி நான் காணியைக் குடுத்திருவன், பிறகு என்னோட கோபிக்கக் கூடாது" என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஒரு பெண்ணால் இது நடக்காது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு, முந்திய ஞாயிறுகளில் பூசை முடிந்து வருகிற பெண்கள் கோயில் வாசலிலேயே அவளைப் பிடித்து நிறுத்திக் கோழிக்குச் சொல்லிவைப்பார்கள். "போன முறை மாதிரி எலும்பைத் தராதை, மருமகன் வாறான்" என்று ஒருத்தி பகிடியாகச் சொல்வாள். "உங்கட மருமகனுக்கு ஆட்டையே குடுத்தாலும் போதாதே" என்பாள் தங்கை. கொட்டாஞ்சேனையில் அவளுக்கு இருந்த மரியாதை அந்த வாசலில்தான் இருந்தது.

டொலர் இல்லாமல் கப்பல்கள் வராமற்போன காலம் அது. மஞ்சள் சோளம் இல்லை, சோயா இல்லை. கொம்பனித் தீன் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. தங்கை தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணா, நீங்கள் உந்தப் படிப்பெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்? எனக்கு ஒரு தீன் கலந்து தாங்கோவன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தேவையில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் எவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அன்றே மேசையில் உட்கார்ந்தேன். சோளத்துக்குப் பதிலாகக் குறுணல் அரிசி கிடைக்கும். ஆனால் அரிசியின் மாப்பொருள் குடலின் மேற்பகுதியிலேயே சட்டென்று கரைந்து குளுக்கோசாகி இரத்தத்துக்குப் போய்விடும். கீழ்க்குடலுக்கு அதில் பங்கு கிடையாது. குடலும் வேலை செய்கிற உறுப்பு, அதற்கும் எரிபொருள் வேண்டும். குளுக்கோசு கிடைக்காவிட்டால் அமினோ அமிலங்களை எரிக்கும். தசைக்கும், குடற்சுவரைக் காக்கிற சளிப்படலத்துக்கும் போகவேண்டியது அப்படிப் போய்விடும். அதனால் மெதுவாகச் செரிக்கிற இறுங்கு என்ற சிறுதானியத்தைக் கொஞ்சம் சேர்த்தேன். லைசின், மெத்தியோனின் தூள்கள் கிடைத்தன. சளிப்படலத்துக்கு மிக வேண்டிய திரியோனின் எங்கும் கிடைக்கவில்லை. அதை நல்ல மீன்தூள் கொடுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முழுத் தீனும் அந்த மீன்தூளை நம்பித்தான் நின்றது.

மீன்தூளுக்குப் புறக்கோட்டைக்குப் போனேன். என் ஆலைக் காலத்திலிருந்து எங்களுக்குச் சரக்குத் தந்தவர் அங்கே இருந்தார். இந்தியாவிலிருந்து வந்த வணிகக் குடும்பம். என் மகளின் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்தவர், நான் நெஞ்சுவலியோடு படுத்திருந்தபோது தினமும் வந்து பார்த்தவர். நான் அவரை முதலாளி என்பேன், அவர் என்னை ஐயா என்பார், ஆனால் நண்பர்கள்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது வியாபாரி என்றால் சாக்குகளுக்குள் குழாயை விட்டு, அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் நாங்களே மாதிரி எடுப்போம். எடுத்ததை உருப்பெருக்கியில் பார்ப்போம். பெப்சினில் ஊறவைத்து எவ்வளவு செரிக்கிறது என்றும் பார்ப்போம். பழகிய வியாபாரி என்றால் அவரே பிஸ்கட் டின்னில் மாதிரி கொண்டுவந்து மேசையில் வைப்பார். நைதரசனை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். சாக்குக்குள் குழாய் விடுவது அவரைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று ஒரு கூச்சம். அன்றும் அவர் டின்னில்தான் தந்தார். பழைய ஆய்வுகூடத்தில் சொல்லி நைதரசனைப் பார்த்தேன். நம் நாட்டு மீன்தூளில் மணலும் உப்பும் கலந்து புரதம் எப்போதும் குறைவாகத்தான் வரும். இது மிக நன்றாக வந்தது. அந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் தங்கையைக் கூப்பிட்டு, "பார், அண்ணை எடுத்துத் தந்த சாமான்" என்று பெருமையடித்தேன்.

குஞ்சுகள் முதலில் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாம் வாரம் தங்கை பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா, கீழே போட்ட உமி எல்லாம் நனைஞ்சு கிடக்குது. எச்சம் நுரைநுரையாப் போகுது. மணம் தாங்கேலாது."

"தண்ணிக் குழாய் ஒழுகும். பார்த்தனியோ?"

"பார்த்தனான். ஒழுகேல்லை."

"அப்ப உமியைக் கிளறேல்லை நீ. காத்துப் படாமல் படங்கை இறக்கி விட்டிருப்பாய்."

"நான் கிளறுறனான் அண்ணா" என்றாள்.

கோழிகள் சாகத் தொடங்கியதும் ஹெந்தளைக்குப் போனேன். கணவரின் தமையனும் வந்து கொட்டகை வாசலில் நின்றார். செத்த ஒன்றைக் கீறிப் பார்த்தேன். குடல் காற்றடைத்து ஊதியிருந்தது, சுவர் மெலிந்து விரல் பட்டாலே கிழிந்தது. உட்புறம் பழைய துவாய் மாதிரிச் சொரசொரத்துக் கிடந்தது. நோயைத் தெரிந்துகொண்டேன். செரிக்காத புரதம் கீழே இறங்கி அழுகினால் அதைத் தின்று பெருகுகிற கிருமி குடலை இப்படித்தான் ஆக்கும். புரதம் ஏன் செரிக்கவில்லை என்று என்னை நானே கேட்கவில்லை. என் தீனில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"என்ன சேர், என்ன வருத்தம்?" என்று தமையன் கேட்டார்.

"ஈரம்தான் காரணம். கவனிப்புப் போதாது" என்றேன்.

தங்கை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு செத்த கோழிகளைப் பொறுக்கி வாளியில் போடத் தொடங்கினாள்.

வரும்போது ஒரு பையில் தீன் கொஞ்சம் அள்ளிவந்தேன். எதற்காக என்று இப்போதும் தெரியவில்லை, பழக்கமாக இருக்கலாம். வெள்ளவத்தையில் எங்கள் சமையலறையில் வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டுக் கலக்கினேன். அரிசியும் இறுங்கும் அடியில் தங்கின. மேலே பழுப்பாக ஒரு தூசி மிதந்தது. பத்திரிகை வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். மினுங்குகிற சின்னச் சின்னத் துண்டுகள், ஓரத்தில் சீப்புப் பற்கள் போல இழைகள். மீனில் அப்படி ஒன்று கிடையாது. வேகவைத்துப் பதப்படுத்தாத கோழி இறகை அரைத்து, மணத்துக்குக் கொஞ்சம் மீன் சேர்த்திருக்கிறார்கள். நைதரசன் நிறைய வரும். கோழிக்கு அதில் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போனேன். சாக்குகளுக்கு நடுவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். மிதந்த தூசியைக் காயவைத்து மடித்துக் கொண்டுபோன பொட்டலத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் பார்க்கக்கூட இல்லை.

"ஐயா, படகுக்கு மண்ணெண்ணெய் கிடையாது. மனுசன் தின்னவே மீன் இல்ல. தூளுக்கு எங்க போறது?"

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க நம்பர் கேட்டீங்க. நம்பர் குடுத்தேன். எந்தக் காலத்துல நீங்க என்கிட்ட வேற ஏதாச்சும் கேட்டிருக்கீங்க?"

"தங்கச்சியின்ர கோழி அது. புருசன் இல்லாதவள்."

இதற்கு அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அத நீங்க சொல்லலியே. பழைய மில்லுக்குத்தான் பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

"மில்லுக்கெண்டால் போடலாமோ?"

"பெரிய மில்லு. நூறு சாமானோட கலந்துடும். ஒண்ணும் தெரியாது."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். "டீ சொல்லவா ஐயா?" என்றார். நான் கையெழுத்துப் போட்ட காலம் முழுக்க என் கண்முன்னால் வந்தது. என் நோய்ப்படுக்கைக்கு வந்த மனிதர்தான் என் கையெழுத்தையும் இத்தனை காலம் வைத்துப் பிழைத்திருக்கிறார். நண்பன் என்று சொல்ல எனக்கிருந்தவர் அவர் ஒருவர்தான். சத்தம் போடவேண்டும் என்று நினைத்தேன். தேநீர் வந்தது, குடித்தேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் தங்கையிடம், "மீன்தூளை நிப்பாட்டு, பழைய ஆலையில கெஞ்சிக் கேட்டாவது கொஞ்சம் சோயா எடுத்துத் தாறன்" என்றேன். ஏன் என்று கேட்டாள். குடல் இளகியிருக்கிறது, அதற்குக் கனம் கூடாது என்று சொன்னேன். என் நண்பன் என்னை ஏமாற்றினான் என்று அவளிடம் சொல்ல என் வாய் எழவில்லை. அதைச் சொன்னால், பிஸ்கட் டின்னைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கதையையும் சொல்லவேண்டும்.

அதோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. அதே வாரம் தமையன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சேர், நீங்க படிச்ச ஆள், மனசைத் திறந்து சொல்லுங்க. இவவால இதைச் செய்ய ஏலுமா?" நான் இறகைக் கண்ணால் கண்ட பிறகுதான் அவர் இதைக் கேட்டார். "அவளுக்குக் கஷ்டம்தான்" என்று சொன்னேன்.

மிச்சக் கோழிகள் பிழைத்தன, ஆனால் பருக்கவில்லை. நத்தாருக்குப் புறா அளவில் நின்றன. கோயில் வாசலில் சொல்லிவைத்தவர்கள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். காணி போயிற்று. கொட்டகைத் தகரத்தைக் கழற்றும்போது நான் போகவில்லை, முழங்கால் வலி என்று சொன்னேன்.

பிறகு நெடுநாள் கழித்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தங்கை மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்கத் தொடங்கியிருந்தாள். வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், தொலைபேசியில் தமையனுக்குச் சொன்னதையும். அவள் இலை துடைப்பதை நிறுத்தவில்லை.

"பெரியத்தான் உங்களைக் கேக்கேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"நான்தான் ஒழுங்காக் கிளறேல்லையெண்டு எத்தனை நாள் படுத்துக்கிடந்து யோசிச்சிருப்பன்" என்றாள். அழவில்லை. துடைத்த இலைகளை அடுக்கினாள். பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தி, சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, என் முன்னால் வைத்தாள். "இப்ப எனக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லுங்கோ."

சொன்னேன். இறகைச் சொன்னேன், டின்னைச் சொன்னேன். அவளில் ஒரு பிழையும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். மறுபக்கத்தில் லொறி ஒன்று பின்னுக்கு வருகிற சத்தம் கேட்டது.

"சேர்" என்றார் தமையன், மிகவும் மரியாதையாக. "தங்கச்சியில உங்களுக்குள்ள பாசம் எனக்கு விளங்குது. அவவுக்காகப் பழியை நீங்க எடுக்கத் தேவையில்ல. நாங்க ஒருத்தரும் அவவைக் குறை சொல்லல்ல. பொம்பிளையால செய்ய ஏலாத வேலை, அவ்வளவுதான்."

இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றேன். "சரி சேர், சரி" என்றார், நோயாளியோடு கதைப்பது போல. தங்கை கையை நீட்டித் தொலைபேசியை நிறுத்தினாள்.

"பொய் சொல்லேக்க நம்பினவர்" என்றாள்.

வேறு யாருக்குச் சொல்லலாம் என்று நான் யோசித்தேன். பங்குத்தந்தையிடம் சொல்லலாமா, கோயில் வாசலில் கோழிக்குச் சொல்லிவைத்த பெண்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் சோற்றை அள்ளி இலையில் வைத்துக்கொண்டே, "வேண்டாம் அண்ணா" என்றாள். "இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நீங்கள் சொல்லச் சொல்ல உங்களைத்தான் நல்ல மனுசன் எண்டுவினம். நான் திரும்பவும் ஏலாதவளா அந்தக் கதைக்குள்ள நிக்கோணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஒரு வேண்டுகோளையும் நான் காப்பாற்றவில்லை. இதை எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது.