கடி தெரியாத கால்

கணவர் ஞானசேகரன் படுக்கையில் விழுந்த பிறகு லூர்து மேரி வெளிவேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்துகொண்டிருந்தவள், தாராவியில் தங்களுடைய ஒற்றை அறையிலேயே உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் வைக்க ஆரம்பித்தாள். பக்கத்துத் தையல் கார்கானாவிலிருந்து வெள்ளைச் சட்டைகள் மூட்டையாக வரும். கட்டிலருகே தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தால், தைத்துக்கொண்டே அவரையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஞானசேகரன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும். பக்கவாதம் அந்தக் குரலையும் வலது கையையும் காலையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. வலது காலில் சுடுதண்ணீர் பட்டால்கூட அவருக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் ஒரு பூனை நனைந்துகொண்டு உள்ளே வந்தது. கட்டிலில் ஏறி அவருடைய வலது காலோடு ஒட்டிப் படுத்தது. பிறகு போகவே இல்லை. ஒருநாள் காலையில் அவர் வாயைக் கோணிக்கொண்டு, "மீனா" என்று அதைக் கூப்பிட்டார். படுத்த பிறகு அவர் தெளிவாகச் சொன்ன முதல் சொல் அது. லூர்து மேரி கண் கலங்கிப் போனாள். அடுத்து தன் பெயர் வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. மீனா மட்டுமே வந்தது.

"முப்பது வருஷமா கூப்பிட்ட பேரு வரல. நேத்து வந்த பூனைக்குப் பேரு வருது" என்று வாஷியிலிருந்து வரும் மகள் லிசாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அது முழுக்கச் சிரிப்பாக இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

இந்த வருஷம் மே மாதப் புழுக்கத்தில் அவருடைய வலது காலில், கணுக்காலுக்கு மேலே, சிவப்புப் புள்ளிகள் தென்பட்டன. வேர்க்குரு என்று பவுடர் போட்டாள். இரண்டும் மூன்றுமாகப் புள்ளிகள் கூடிக்கொண்டே போனபோது, கொசு என்று சுருள் கொளுத்தி வைத்தாள். அவர் சொறியவில்லை, முனகவுமில்லை. அதனால் பெரிதாகவும் தோன்றவில்லை. தன் காலிலும் அரிப்பு வந்த பிறகு மூட்டைப்பூச்சியாக இருக்கும் என்று கட்டில் சந்துகளிலெல்லாம் கத்தி விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு மதியம் மடியில் இருந்த சட்டைக் காலரில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நூல் துணுக்கு என்று விரலை வைத்தாள். அது துள்ளிக் காணாமல் போனது. விரிப்பை உற்றுப் பார்த்தாள். மீனா படுத்து எழுந்த இடத்தில் மிளகுப்பொடி மாதிரி கரும்பொடி சிதறிக் கிடந்தது. ஈரத் துணியால் துடைத்தபோது, அந்தப் பொடி கரைந்து துணியில் சிவப்பாகப் பரவியது.

ரத்தம். பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். எழுந்து போய் அவருடைய வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். கெண்டைக்கால் முழுக்கக் கடித்த தடம். எத்தனை நாளாகக் கடிக்கிறதோ, அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்த லிசா சிறிது நேரத்திலேயே காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"மம்மி, யே க்யா ஹை? என்ன கடிக்குது? கால் பூரா பாருங்க!"

"தெள்ளுப்பூச்சிட்டி. பூனைட்ட இருந்து வருது."

"அப்புறம் ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க? டாடி கால் பாத்தீங்களா? செப்டிக் ஆனா என்ன பண்றது? முதல்ல அந்தப் பூனையை எங்கயாவது விட்டுட்டு வாங்க."

மறுநாள் காலை அவர் கண்ணயர்ந்திருந்தபோது மீனாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள் லூர்து மேரி. பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும் என்று செம்பூர் மீன் மார்க்கெட் வரை போனாள். தீனிக்குப் பஞ்சமில்லாத இடம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பையைத் திறந்ததும் பூனை ஓடவில்லை. அவள் காலைச் சுற்றி நின்றது. அவள்தான் ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாக இருந்ததை உணர்ந்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

ஞானசேகரன் விழித்ததும், "மீனா" என்றார். சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடி குறையும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். இரண்டே நாளில் பல மடங்கு ஆயிற்று. தரையில் கால் வைத்தால் கணுக்காலில் ஏறின. அவர் இடது காலைக் கட்டில் விளிம்பில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். லிசாவுக்கு போன் செய்தாள். லிசா இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, குரல் தணிந்து திரும்பக் கூப்பிட்டாள்.

"மம்மி, தப்பு பண்ணிட்டோம். பூனை இருக்கிறவரை அதுங்க அதைத்தான் நிறைய கடிக்குமாம். அது போயிட்டா நம்மளைத்தான் தேடி வரும். முட்டை, புழு எல்லாம் மெத்தையிலயும் தரையிலயும் இருக்கு. பூனைக்குக் கழுத்துல விடுற மருந்து ஒண்ணு இருக்காம். அதை விட்டு, வீட்டையும் க்ளீன் பண்ணியிருந்தா போதும்."

"அப்ப மீனாவ அனுப்பியிருக்க வேண்டாமா?"

"முதல்ல டாடியை இங்க கூட்டிட்டு வாங்க" என்றாள் லிசா.

அவரை டாக்ஸியில் வாஷிக்குக் கொண்டுபோய் மகள் வீட்டில் விட்டுவிட்டு, லூர்து மேரி அறையைச் சுத்தம் செய்ய இறங்கினாள். பழைய பஞ்சு மெத்தையைக் கட்டித் தூக்கியெறிந்தாள். போர்வை, தலையணை உறை, திரை எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் முக்கி வெயிலில் போட்டாள். சட்டை மூட்டைகளை மாடியில் உதறினாள். லிசா கொடுத்தனுப்பிய வேக்குவம் கிளீனரால் தரையோட்டு இடுக்குகள், கட்டிலடி, சுவரோரம் எல்லாம் உறிஞ்சி, அந்தக் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டாள். மருந்தடிக்க வந்தவர், "கூட்டுப்புழுவா இருக்கிறது இந்த மருந்துக்குச் சாவாது, பூச்சியா வெளிய வரும். பயப்படாம தினமும் உறிஞ்சிட்டே இருங்க. திரும்ப அடிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன மாதிரியே வந்தன. இரண்டாவது தடவை அடித்த பிறகு, வெள்ளை சாக்ஸைப் போட்டுக்கொண்டு அறை முழுக்க நடந்து பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. அவரை அழைத்து வந்தாள்.

அதற்குள் அவள் செம்பூர் மார்க்கெட்டுக்குப் பல தடவை போய்விட்டாள். மீன்காரிகளிடம் விசாரித்தாள், வண்டிகளுக்கடியில் குனிந்து கூப்பிட்டாள். சாம்பலும் வெள்ளையுமாகப் பூனைகள் வந்தன. மீனா வரவில்லை.

புது மெத்தையில் படுத்த அவர் ஒரு வாரம் மீனாவைக் கூப்பிட்டார். பிறகு அதுவும் நின்றது. கஞ்சி ஊட்டினால் பாதியில் வாயை மூடிக்கொண்டார். ஒரு மதியம் லூர்து மேரியால் தாங்க முடியவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. அது தானா ஓடல. நான்தான் கொண்டுபோயி விட்டேன். பூச்சிக்காகத்தான்னு எல்லாருட்டயும் சொல்லுதேன். பூச்சிக்காக மட்டும் இல்ல. எம்பேரச் சொல்லாம அதத்தான நீங்க கூப்பிட்டிய."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அவள் ஊட்டியதைச் சாப்பிட்டார். ஆனால் அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

டிசம்பரில் நெஞ்சுச்சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இறந்தார். அடக்கம் முடிந்து வந்த லிசா, வாஷிக்கு வந்துவிடும்படி அம்மாவைக் கெஞ்சினாள்.

"இங்க இனி யாரு இருக்கா மம்மி? எதுக்குத் தனியா?"

"வாரேன்ட்டி, வாரேன். இந்த மூட்டைய முடிச்சிக் குடுத்துட்டு வாரேன்."

அந்த மூட்டை முடிந்தது. அடுத்ததும் வந்தது. அவர் முகம் திருப்பிப் படுத்திருந்த அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து தைத்தபடி, லூர்து மேரி இன்னும் தாராவியில்தான் இருக்கிறாள்.