எல்லாச் சான்றிதழையும் நம்பிய செயலி

யாழ்ப்பாணத்தில் எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் அப்போது ஐந்து பேர். நால்வர் கோட் எழுதினோம். முதலாளி குகன் அண்ணை "கெதியா முடியுங்கோ" என்று அவசரப்படுத்துவார். அந்த வேலையில் அவர் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

சாவகச்சேரியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் செயலி செய்தோம். முடிவுகள் நோயாளியின் போனுக்கும் டொக்டரின் போனுக்கும் நேரே போகும். அவற்றை அனுப்பும் கணினி, அதாவது சேர்வர், முதலில் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும், அடையாள அட்டை மாதிரி. எங்கள் சோதனைச் சேர்வரிடம் ஒழுங்கான சான்றிதழ் இல்லை. செயலி நியாயமாகவே அதை நம்ப மறுத்தது. நான் இணையத்தில் தேடி, முன்பின் தெரியாத ஒரு புண்ணியவான் தந்த நாலு வரியை ஒட்டினேன். அதன்பிறகு எவர் எதைக் காட்டினாலும் செயலி ஏற்றுக்கொண்டது. கெதியாக முடித்ததற்கு எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

வெளியிட இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்த வரிகள் இன்னும் உள்ளே கிடப்பதைக் கண்டேன். இடையில் யார் புகுந்து "நான்தான் சேர்வர்" என்றாலும் செயலி நம்பிவிடும், அந்த வரிகளை எடுத்துவிட்டுத் திரும்பச் சோதிக்க ஒரு கிழமை, ஏழு நாளாவது வேண்டும் என்று குகன் அண்ணையிடம் சொன்னேன்.

"சாவகச்சேரிக்கு ஆர் வந்து உந்த வேலை பாக்கப்போறான் பிள்ளை?" என்றார். உலகத்துக் கள்ளர் எல்லாரும் குடாநாட்டின் வாசலான ஆனையிறவோடு திரும்பிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

வாயால் சொல்லிப் பயனில்லை. செயலியைச் சோதிக்க அவர் தன் இரத்தத்தையே கொடுத்திருந்தார். மறுநாள் அலுவலக வைஃபையில் அவர் போனுக்கும் சேர்வருக்கும் இடையில் என் மடிக்கணினியை நிறுத்தி, நானே செய்த போலிச் சான்றிதழைக் காட்டி, அவருடைய முடிவில் ஒரு வரியை மாற்றினேன். பிறகு போனைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

குகன் அண்ணை கர்ப்பமாக இருந்தார்.

மற்ற மூவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தாயார் நீரிழிவுக்காரி. இரத்தம் கொடுப்பது அதே நிலையத்தில்தான். திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மான்ரை சீனியையும் உப்பிடி மாத்தலாமோ?"

"ஓம் அண்ணை. டொக்டர் அதைப் பாத்துத்தான் இன்சுலின் எழுதுவா."

வெளியீட்டை ஒரு கிழமை தள்ளினார். நிலையத்துக்கு அவரே போன் எடுத்து, "சின்னத் தொழில்நுட்பச் சிக்கல்" என்றார். அந்தச் சிக்கலின் பெயர் என் பெயர் என்று சொல்லவில்லை. மற்ற வேலைகளைக் கிளறியபோது வேறு இரண்டு செயலிகளிலும் அதே நாலு வரி இருந்தது. நாங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் படித்துக்கொள்ளும் ஆட்கள்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். செயலி மறுத்தால் அதன் வாயை அடைக்காதீர்கள், ஏன் மறுக்கிறது என்று பாருங்கள். அந்தச் சோதனைச் சேர்வருக்கு ஒழுங்கான சான்றிதழ் போட, கடைசியில் எனக்கு எடுத்தது இருபது நிமிடம்.