ஞாயிற்றுக்கிழமை வெயில் ஷிப்ட்

நார்வேயில் மார்ச் மாதத்து மதியத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் என் அலுவலகத்தில் பாதிப் பேர் வேலையைப் போட்டது போட்டபடி வெளியே ஓடிவிடுவார்கள். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார்கள். மேலாளரும் அந்த வரிசையில்தான். வந்த புதிதில் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து நான் ஓரமாக நின்றேன். நம்மூர் ஆட்கள் சிரிக்க வேண்டாம், கதை அங்கேதான் வருகிறது. கோலார் தங்கவயலில் இருக்கும் என் அண்ணனுக்கு வைட்டமின் டி குறைவு என்று பக்கத்து மேசை கிறிஸ்டினாவிடம் சொன்னேன். "சூரிய நாட்டில் இருந்துகொண்டா? மதியம் வெளியே உட்காரச் சொல்" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் விடியுமுன் ஊரிலுள்ள கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவர். பெங்களூரில் ஒரு வணிக வளாகத்தின் பேஸ்மென்ட்டில் ஸ்டோர் வேலை. வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரியும். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர்தான். ஆனாலும் காலை ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தால் அவருக்கென்று பகல் மிச்சமிருந்தது. சுரங்கத்தை மூடினார்கள், ஊருக்குப் பிழைப்பில்லாமல் செய்தார்கள், சுரங்கத்தில் இறங்காத பிள்ளையையும் கடைசியில் தரைக்குக் கீழேயே அனுப்பிவிட்டார்கள். இதை யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை. வைட்டமின் டி குறைந்தால் இன்சுலின் வேலை செய்வதும் மந்தப்படலாம், குறைவைச் சரிசெய்தால் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், ஆனால் அது சர்க்கரை மாத்திரைக்கு மாற்று இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணன் காதில் பாதிதான் விழுந்தது. மீதியை ரயில் சிநேகிதர்கள் நிரப்பிவிட்டார்கள். மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஞாயிறுதோறும் காலையிலிருந்து சாயங்காலம்வரை, தங்கம் பிரித்த மண் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டில் போய் நின்றிருக்கிறார். ஆறு நாள் வெயிலை ஒரே நாளில் ஓவர்டைம் போட்டுப் பிடித்துவிடலாமாம். சுரங்கக்காரன் பிள்ளையைத் தவிர யாருக்கு வரும் இந்த யோசனை? ஒரு ஞாயிறு அங்கேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி அழுதுகொண்டே போன் செய்தாள்.

"இன்னாண்ணா பண்ண நீ? மாத்திரய ஏன் நிறுத்துன?" என்றேன், அண்ணன் போனை வாங்கியதும்.

"வெயில்லயே எல்லாம் கீதுன்னாங்கமா."

"சொன்னவனா வந்து உன்னத் தூக்குனான்? சேத்து வெச்சுக்க வெயில் இன்னா ரேஷன் அரிசியா? மதியத்துல கொஞ்ச நேரம் வெளிய வுடச் சொல்லிக் கேளு."

"கேட்டேன்மா. வெயில் காயறதுக்கா சம்பளம்னு கேக்கறாரு சூப்பர்வைசரு."

இங்கே மேலாளர் செய்தால் ஆரோக்கியம், அங்கே என் அண்ணன் கேட்டால் திமிர். சூரியனுக்குக்கூட ஆள் பார்த்துத்தான் அனுமதி போலிருக்கிறது.

இப்போது மாத்திரையைத் தவறாமல் போடுகிறார், டாக்டர் கொடுத்த வைட்டமின் டி மருந்தையும் சேர்த்து. நேற்று மதியம் வெயில் வந்ததும் எல்லாரோடும் நானும் வெளியே போனேன். கிறிஸ்டினா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அப்போது பேஸ்மென்ட்டிலிருந்து அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார்.

"பின்னால இன்னாமா அது, அவ்ளோ வெளிச்சம்?"

"வெயில்ணா."

"கொஞ்சம் காட்டு."

நான் உட்காரவில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி, போனை மட்டும் அதன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அண்ணன் போதும் என்று சொல்வதற்காகக் காத்து நின்றேன். அவர் சொல்லவில்லை.