மேல்காட்டைக் கூப்பிட்ட மெம்பர்

எங்க கற்பகத்தைப் பத்தி எவளாச்சும் வாயைக் கோணிக்கிட்டுப் பேசினா எனக்குச் சுருக்குனு கோவம் வந்துரும். அதனால நடந்ததை நானே சொல்லிடுறேன். வண்டிப்பெரியாருக்கு மேல எங்க தேயிலை எஸ்டேட். நானும் அவளும் ஒரே லயத்து வரிசை வீட்டுல குடியிருந்து, ஒரே காட்டுல பக்கத்துப் பக்கத்து நிரையில கொழுந்து எடுக்கிறவளுக. பஞ்சாயத்து மெம்பர் ஆன பிறகும் மத்தியானம் வரைக்கும் கொழுந்து எடுத்துட்டு, இடுப்புல கட்டின படங்குச் சாக்கை அவுத்துப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறி ஆபீசுக்குப் போவா. "மெம்பருக்குக் கை இப்படிக் கறுத்துக் கெடக்கே"ன்னு கிண்டல் பண்ணினா, "கையெழுத்து நல்லாத்தானடி விழுது"ன்னுவா.

பஞ்சாயத்து பிரசிடென்ட் பூபதிராஜா அவ கட்சிதான். நானும் அதே கட்சிதான், மறைக்கல. மனுசன் மேடையில பிரமாதமாப் பேசுவாரு. ஆனா எதிர்க்கட்சிக்காரங்க எல்லாம் நாட்டுக்கு ஆகாதவங்கன்னு சொல்லாம பேச்சை முடிக்க மாட்டாரு. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அது ஒட்டிக்கிச்சு.

எங்க காட்டுல ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு நேரத்துல பால் ஊத்தாத கட்டன் சாயாவைத் தனக்குத் தானே யாரும் ஊத்திக்க மாட்டோம். பக்கத்துல இருக்கிறவதான் ஊத்தணும். அந்த வழக்கமே ரெண்டாப் போச்சு. எதிர்க்கட்சிக்காரிக தூக்குவாளி தனி, எங்க தூக்குவாளி தனி. எதிர்க்கட்சி யூனியனுக்குத் தலைவி செபமாலையம்மாள், கற்பகத்துக்கு அடுத்த வீடு. ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசி ஒரு மழைக்காலமே ஓடிப்போச்சு.

போன தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால, வெளிநாட்டுல ஊராட்சி நடத்துற பொம்பளைங்க சிலபேரு வந்தாங்க. நம்ம பொம்பளைங்க எப்படிப் பஞ்சாயத்து நடத்துறோம்னு பாக்கணுமாம், காட்டுல எங்களோட உக்காந்து சாயா குடிக்கணுமாம். பிரசிடென்ட் சூப்பர்வைசரைப் புடிச்சு, செபமாலையம்மாளோட ஆளுகளை எல்லாம் மேல்காட்டுக்கு அனுப்பிட்டாரு. கற்பகத்தைத் தனியாக் கூப்பிட்டு, "இதை நல்லபடியா முடிச்சுக் குடு, இந்தத் தடவையும் சீட்டு உனக்குத்தான்"ன்னாரு. அவளுக்கு அந்தச் சீட்டு வேணும். லயத்துக்கு வர்ற ரோடு பாதியில நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதை முடிக்காம எறங்கினா சோறு எறங்காதுடின்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா.

வந்தவங்கள்ல தலை நரைச்ச ஒரு அம்மா மேல்காட்டைக் காட்டி, "அங்க நிக்கிறவங்க ஏன் வரல?"ன்னு கேட்டாங்க. பிரசிடென்ட் இங்கிலீசுல என்னவோ சொன்னாரு. மொழிபெயர்க்க வந்த டின்சி எங்க காதோரமா, "அவங்க எதிர்க்கட்சி, நாடு முன்னேறுறது புடிக்காதவங்கன்னு சொல்றாரு"ன்னா. அந்தம்மா தம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க.

அப்புறம் அவங்க சொன்னதையும் டின்சிதான் சொன்னா. "எங்க நாட்டுலயும் ஒரு தலைவர் இப்படித்தான் பேசினாரு. இப்ப நானும் என் தங்கச்சியும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதில்ல. வெளியூர் போனா என் நாட்டுப் பேரைச் சொல்லவே கூச்சமா இருக்கு. உங்க நாடு வேற மாதிரின்னு நெனச்சு வந்தேன்."

எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. ஒத்தை ஆளு வாயால, இந்தியான்னாலே இதுதான்னு ஆயிப்போச்சே. கற்பகம் எந்திரிச்சா. "உக்காரு"ன்னாரு பிரசிடென்ட். அவ காதுல வாங்கல. கொழுந்து நிறுக்கக் கூப்பிடுவோமே, அப்படிக் கையைக் குவிச்சு மேல்காட்டைப் பாத்து நீட்டிக் கூவினா.

"செபமாலை மதினி, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. சாயா ஆறுது."

மேல ஒரு அசைவும் இல்ல. வராமப் போயிட்டா சீட்டும் போகும், மானமும் போகும். அப்புறம் செபமாலையம்மாள் முன்னால எறங்கினா, பின்னால மத்தவளுக. கற்பகம் அவளுக்கு ஊத்தினா. செபமாலையம்மாள் அந்தத் தூக்குவாளியை வாங்கிக் கற்பகத்துக்கு ஊத்தினா. பிறகு நேராப் போயி பிரசிடென்டுக்கும் ஒரு தம்ளர் ஊத்தி நீட்டினா. அவரு வாங்காம ஜீப்பைப் பாத்து நடந்துட்டாரு.

கற்பகம் டின்சிகிட்ட, "அவரு பேசினது அவரோட பேச்சு. நாடுன்னா நாங்களுந்தான்னு அந்தம்மாகிட்டச் சொல்லு"ன்னா. அந்தம்மாவுக்கு நான்தான் ஊத்தினேன். குடிச்சாங்க.

நெனச்ச மாதிரியே சீட்டு போச்சு. கற்பகம் விலை போயிட்டான்னு பிரசிடென்ட் ஆளுக ஊரெல்லாம் பரப்பினாங்க. எதிர்க்கட்சிக்காரங்களும் நெசமாவே வந்து, "எங்க சின்னத்துல நில்லு"ன்னு கூப்பிட்டாங்க. "கட்சி மாறுறதுக்கா அன்னைக்கு அவங்களைக் கூப்பிட்டேன்? என் கட்சி இதுதான். இதுக்குள்ளயே இருந்து அவரைத் தட்டிக் கேக்குறேன்"னு அனுப்பிட்டா. அன்னைக்கு எனக்கு வந்த பெருமை, என் மகன் வேலைக்குப் போனப்பகூட வரல.

தேர்தல்ல அந்தச் சீட்டுல நின்ன எங்க கட்சி கத்தரீனாள் ஜெயிச்சா. நல்லவதான். கற்பகம் அவ பின்னாலயே போயி நச்சரிச்சு ரோட்டை முடிக்க வெச்சுட்டா. போன வாரம் சாப்பாட்டு நேரத்துல அந்த ரோட்டுல இருந்து யாரோ "மெம்பரே"ன்னு கூப்பிட்டாங்க. ரெண்டு கட்சிக்காரிகளும் திரும்பிக் கற்பகத்தைத்தான் பாத்தோம். எங்களோட உக்காந்திருந்த கத்தரீனாளும் அவளைத்தான் பாத்தா.