மீன் வாங்கப் போன ஞாயிறு

சுனாமி வந்த அன்று காசிமேட்டுத் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருக்க வேண்டியவன் நான். ஒரு ஞாயிறு நான், மறு ஞாயிறு தம்பி என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தாறு என் முறை. கிறிஸ்துமஸ் பூசையில் பாடித் தொண்டை கட்டியிருந்ததால், கடற்காற்று வேண்டாமென்று தம்பியை அனுப்பினேன். அவன் வரலாற்றைப் பார்த்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து அவனிடம் ஒரு கதை இருக்கிறது. துறைமுகத்துத் தண்ணீர் ஏறியது, படகுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதியது, யார் வீட்டுக் குழந்தையையோ தோளில் போட்டுக்கொண்டு கல்மண்டபம் வரை ஓடி, தேடி வந்த தாயிடம் ஒப்படைத்தது. எல்லாம் உண்மை. டிசம்பர் பிறந்தால் உறவினர்கள் அவனைச் சுற்றித்தான் நாற்காலி போடுவார்கள். அத்தனை பேர் செத்த நாளைக் குறித்துப் பொறாமைப்படுவது அசிங்கம். தெரிந்தும் படுகிறேன்.

போன டிசம்பரில் என் மகளுக்குக் கல்லூரியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள்: வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஒரு நாளை நேரில் கண்டவரைப் பேட்டி எடுக்க வேண்டும். சித்தப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். வந்து உட்கார்ந்தவன், அன்று திங்கட்கிழமை என்று ஆரம்பித்தான். ஞாயிறு என்று திருத்தினேன்.

"அப்பா, ரெக்கார்ட் ஆகுது" என்றாள் மகள்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணாத்த போயிருந்தா அவ்ளோதான். தண்ணி தொரத்திகினு வர சொல்ல, சைக்கிள பூட்டிட்டு, பூட்டிக்கிச்சான்னு இஸ்துப் பாத்துகினு நின்னிருப்பாரு."

மகள் குலுங்கிச் சிரித்தாள். பிறகு, போனால் போகிறதென்று, நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்டாள். இத்தனை வருடங்களில் யாரும் கேட்டதில்லை. வரிசையாகச் சொன்னேன். குழம்புக்குப் புளி ஊறவைத்து, வெங்காயம் அரிந்து வைத்திருந்தேன். தம்பியைக் காணவில்லை. தோஸ்துகளோடு அரட்டை அடிக்கிறான் என்று கோபம். மார்பு வரை நனைந்து, நடுங்கிக்கொண்டு, வெறும் பையோடு வாசலில் வந்து நின்றான்.

"மீன் எங்கடான்னு கேட்டேன்."

மகள் சிரித்துவிட்டாள். "இதுதாம்பா சூப்பர்" என்றாள். அதை மறந்தே போய்விட்டதாகத் தம்பி சொன்னான். அந்த நாளில் எனக்கென்று ஒரு துண்டு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

புத்தாண்டன்று திருவொற்றியூரில் உறவினர் வீட்டு விருந்து. வழக்கம்போல் நாற்காலிகள் போட்டார்கள். தம்பி குழந்தையைத் தாயிடம் கொடுக்கும் இடம் வரை வந்தான். வழக்கமாகக் கதை அங்கே முடிந்துவிடும். அன்று நிறுத்தி, தண்ணீர் குடித்தான்.

"வூட்டு வாசல்ல கால வெக்கிறேன். அண்ணாத்த கையில வெங்காயத்தோட நிக்கிறாரு."

கட்டிய என் தொண்டைக் குரலையும் அப்படியே காட்டி அவன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. முன்வரிசையில் என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சொன்னபோது அவள் இவ்வளவு சிரிக்கவில்லை.